ஒரு ஏக்கர் முந்திரிக் கொல்லை: எண்பது கன்றும், கூட நிற்க வேண்டியவையும்

விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிற செம்மண் மேட்டில் முந்திரி ஒட்டுக் கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறேன். கன்று வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள். நான் அவர்களுடைய கொல்லையைப் பற்றிக் கேட்பேன். எந்தப் பக்கம் சரிவு? மழை விட்ட பிறகு எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது? மேற்கு வரப்பில் என்ன இருக்கிறது, வடக்கே யார் நிலம்? முதல் மூன்று வருஷம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? இதெல்லாம் தெரிந்தால்தான் எத்தனை கன்று தரலாம் என்று எனக்குச் சொல்லத் தெரியும். கேட்டதைவிடக் குறைவாகத்தான் பலருக்கும் கொடுத்து அனுப்புகிறேன்.

மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்துக்கு ஏக்கருக்கு 80 கன்று போதும். வரிசைக்கு நடுவில் முதல் நான்கு வருஷம் மணிலா (வேர்க்கடலை), பயறு. வரப்பில் சவுக்கு, பனை, பலா. முந்திரி காய்ப்புக்கு வரும் முன்பே இந்த நிலம் உங்களுக்குச் சோறு போட ஆரம்பிக்க வேண்டும். முந்திரி ஒரு வருஷம் ஏமாற்றினாலும் போட வேண்டும். வேளாண் காடு என்று இப்போது சொல்வது இதைத்தான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பூக்கிற பருவம் தொடங்கும் நேரம். எங்கள் பகுதியில் விதை போட்டு வளர்த்த பெரிய பெரிய முந்திரி மரங்கள், பந்தல் மாதிரி படர்ந்து நின்றவை, வேரோடு சாய்ந்து கிடந்தன. பலாவும் விழுந்தது. பனை நின்றது. முந்திரியை மட்டுமே நம்பியிருந்த வீடுகளில் மறுபடி கன்று நட்டு அது காய்க்கும் வரை கையில் ஒன்றும் இல்லை. நிலத்தில் நாலு வகை இருந்தவர்கள் அந்த வருஷத்தைக் கஷ்டப்பட்டாவது கடந்தார்கள்.

மண்

முந்திரி எந்தக் கட்டாந்தரையிலும் வரும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. சரளை கலந்த செம்மண், மணல் செம்மண் இரண்டிலும் நன்றாக வரும். களிமண்ணிலும் களர் நிலத்திலும் வராது. கார அமில நிலை 8-ஐத் தாண்டிய மண்ணில் நடாதீர்கள். மண் பரிசோதனைக்குக் கொடுத்து இதைத் தெரிந்துகொள்வது பெரிய செலவில்லை.

தண்ணீர் நிற்பதுதான் முந்திரிக்கு எமன். ஐப்பசி மழையில் கொல்லையின் தாழ்ந்த பக்கத்தில் 2 அடிக் குழி எடுத்துப் பாருங்கள். மறுநாளும் அதில் தண்ணீர் கிடந்தால் அந்தப் பக்கத்தை முந்திரிக்குக் கொடுக்க வேண்டாம். தீவனப் புல்லுக்கோ காய்கறிக்கோ விட்டுவிடுங்கள். கடலூர் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மூன்று மாதம் வேர் அழுகக் கூடாது. மிச்ச ஒன்பது மாதம் வேர் காயக் கூடாது. இந்த இரண்டையும் சமாளிக்கத்தான் கொல்லையில் மண்வேலை செய்கிறோம்.

சரிவு இருந்தால் வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வரும் தண்ணீர் தங்கும்படி, பள்ளத்துப் பக்கம் பிறை வடிவில் கரை அணையுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு முறை சரிவுக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் எடுத்தால் மழைநீர் அங்கேயே இறங்கும். செம்மண் மேட்டில் மேல் மண் அரித்துப் போனால் திரும்பி வராது.

எண்பது கன்றுக்கு இடம் பிரிப்பது

7 மீட்டருக்கு 7 மீட்டர் நட்டால் ஏக்கருக்கு 82 கன்று பிடிக்கும். வரிசைக்கு வரிசை 10 மீட்டர், கன்றுக்குக் கன்று 5 மீட்டர் என்று நட்டால் 80. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் நடுவே அகலமான பட்டை கிடைக்கிறது. டிராக்டர் திரும்பும், மணிலா போடலாம், மரம் பெரிதான பிறகும் நடுவில் வெயில் இறங்கும். எட்டு வருஷத்தில் வரிசைக்குள் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு ஒரு நீளமான வேலியாகிவிடும். அதைக் கவாத்தில், அதாவது கிளை வெட்டி ஒழுங்கு செய்யும்போது, பார்த்துக்கொள்ளலாம். நிலம் சமமாக இருந்தால் வரிசையைத் தெற்கு வடக்காக ஓட்டுங்கள். ஊடுபயிருக்கு இரண்டு பக்கமும் வெயில் சமமாகக் கிடைக்கும்.

அடர் நடவு என்று 5 மீட்டருக்கு 4 மீட்டர், ஏக்கருக்கு 200 கன்று வைக்கும் முறையும் இருக்கிறது. சொட்டுநீர் போட முடிந்தவர்களுக்கு, வருஷம் தவறாமல் கவாத்து செய்ய ஆள் வைத்திருப்பவர்களுக்கு அது சரி. மழையை மட்டும் நம்பி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொல்லைக்கு வருகிறவர் அதைத் தொடவே கூடாது. ஐந்தாவது வருஷம் உள்ளே நுழைய முடியாத புதராகிவிடும். முந்திரி, கிளையின் நுனியில், வெயில் படுகிற வெளிப்பக்கத்தில்தான் பூக்கும். நெருங்கி நின்று நிழலடைந்த கிளை வெறும் இலைதான்.

வரப்பு மரம் நடும்போதும் இதையே நினைவில் வையுங்கள். பூக்கிற காலம் மார்கழி, தை, மாசி. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். எங்கள் ஊர் அட்சரேகையில் மார்கழி நடுப்பகலில் 10 மீட்டர் உயர சவுக்கின் நிழல் வடக்கே 7 மீட்டர் வரை நீளும். தெற்கு வரப்பில் உயரமான மரம் வைத்தால் அந்த நிழல் உங்கள் பூவின் மேல் விழும். அதனால் தெற்கு வரப்பில் உயரம் போகாதவை மட்டும்: கிளைரிசிடியா, நொச்சி, ஆடாதொடை. கிளைரிசிடியாவை இடுப்பளவில் வெட்டிக்கொண்டே இருந்தால் தழை உரம் கொடுக்கும், ஆட்டுக்கும் ஆகும், வேலியாகவும் நிற்கும்.

மேற்கு வரப்புக்குச் சவுக்கு. ஆடிக் காற்று அங்கிருந்துதான் வருகிறது. முதல் வருஷக் கன்றை ஒட்டில் முறிப்பது அந்தக் காற்றுதான். இரண்டு வரிசையாக, ஒன்றுக்கொன்று மாற்றி நடுங்கள். சவுக்கின் வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக் கொடுப்பதால் ஏழை மண்ணிலும் வளரும். முந்திரியின் முதல் வரிசைக்கும் சவுக்குக்கும் 5 மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் 2 அடி ஆழத்தில் ஒரு அகழி எடுத்துவிட்டால் சவுக்கு வேர் உள்ளே வந்து தண்ணீர் திருடாது; அந்த அகழியில் மழைநீரும் தங்கும். நாலைந்து வருஷத்தில் சவுக்கு வெட்டுக்கு வரும். இரண்டு வரிசையையும் ஒன்றாக வெட்டி விற்றுவிட வேண்டாம். ஒன்றை வெட்டி, மறுகன்று நட்டு, அது தலைக்கு மேல் போன பிறகு மற்றதை வெட்டுங்கள்.

வடக்கு வரப்பில் பனை. நிழல் அடுத்தவர் நிலத்துக்குப் போகும் பக்கம் இது என்பதால், அடர்த்தியாக எதுவும் வைத்து அக்கம்பக்கத்தில் சண்டை இழுக்காதீர்கள். பனையின் நிழல் மெல்லியது. புரட்டாசியில் பனங்கொட்டை பொறுக்கி 10 அடிக்கு ஒன்று புதைத்துவிட்டு மறந்துவிடலாம். நாம் பாளை சீவப் போவதில்லை, பிள்ளைகளுக்கு ஆகும். பலா இரண்டு மூன்று போதும்; நல்ல மண் ஆழம் உள்ள மூலையில், முந்திரியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி.

வேம்பைப் பற்றிக் கேட்பார்கள். அருமையான மரம், வீட்டு வாசலில் வையுங்கள். முந்திரி வரிசையை ஒட்டி வேண்டாம். முந்திரியின் பெரிய எதிரியான தேயிலைக் கொசு என்கிற பூச்சி வேப்பங்கொழுந்திலும் கொய்யாத் துளிரிலும் பிழைக்கக் கூடியது. முந்திரியில் துளிர் இல்லாத மாதங்களில் அதற்கு நாமே சாப்பாடு போட்டு வைத்தது போல ஆகும்.

வரிசைக்கு நடுவில் மகாகனி வைத்தால் கோடி ரூபாய் என்று பேசுகிறவர்களும் வருவார்கள். ஆறு வருஷத்தில் அது முந்திரிக்கு மேல் குடை பிடிக்கும். காய்ப்பு நின்றுவிடும். மரமே வேண்டும் என்றால் தனியாக ஒரு பக்கம் மரத்தோப்பு போடுங்கள்.

கன்று வாங்கும்போது

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விதை போட்டு வளர்த்த முந்திரி தாய் மரம் மாதிரி இருக்காது. பக்கத்து மரத்து மகரந்தம் வந்து சேர்வதால் ஒவ்வொன்றும் ஒரு குணம். ஒட்டுக் கன்று தாய் மரத்தை அப்படியே கொண்டுவரும். மூன்றாவது வருஷமே காய்க்கும். நாங்கள் செய்வது மென்தண்டு ஒட்டு. தண்ணீரில் போட்டால் அடியில் தங்குகிற கனமான கொட்டையைப் பையில் விதைத்து, ஒன்றரை இரண்டு மாதத்தில் தண்டு பென்சில் கனம் வந்ததும் தலையை வெட்டி, நடுவே 5 சென்டிமீட்டர் பிளந்து, அதே கனமுள்ள தாய்மரக் குச்சியை ஆப்பு வடிவில் சீவி உள்ளே இறக்கிப் பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம். குச்சி எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே மரத்திலேயே அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டு நறுக்கிவிட வேண்டும். அப்போதுதான் நுனி மொட்டு திரண்டு நிற்கும். ஒட்டியதும் மேலே ஒரு பாலித்தீன் உறை. மூன்று வாரத்தில் துளிர் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஐந்தாறு மாதம் வளர்த்து விற்பனைக்கு.

நீங்கள் பார்க்க வேண்டியது: ஒட்டுப் பகுதி இரண்டு பக்கமும் ஒரே கனமாக, பிளவு தெரியாமல் மூடியிருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே இலை இருந்தால் அது வேர்க்கன்றின் இலை, தாய்மரத்தினுடையது அல்ல. பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே தரைக்குள் போயிருந்தால் அந்தக் கன்று அங்கேயே கிழடாகிவிட்டது, வேண்டாம். பூவோடு நிற்கிற கன்றை அதிர்ஷ்டம் என்று எடுக்காதீர்கள். எந்தத் தாய்மரத் தோட்டத்துக் குச்சி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் பணம் கொடுக்காதீர்கள்.

ரகத்தில் எனக்கு வி.ஆர்.ஐ. 3 மேல்தான் நம்பிக்கை. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் 1991-ல் வெளியிட்டது. கொட்டை ஏழு கிராம் எடை வரும், உடைத்தால் நூற்றுக்கு 29 பங்கு பருப்பு. ஆனால் 80 கன்றையும் இதுவாகவே வாங்காதீர்கள். ஒரே ஒட்டு ரகம் என்றால் எண்பதும் ஒரே மரம்தான். ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாது. 60 இது, 20 வேறு விருத்தாசலம் ரகம் என்று கலந்து நடுங்கள். கொல்லையில் ஏற்கெனவே காய்க்கிற பழைய விதை மரம் ஒன்றிரண்டு இருந்தால் அதையும் வெட்ட வேண்டாம்.

நடவு

ஆடியிலேயே குழி எடுத்துவிடுங்கள். நாலாபக்கமும் 2 அடி, ஆழமும் 2 அடி. மேல் மண் ஒரு பக்கம், அடி மண் ஒரு பக்கம். இரண்டு மூன்று வாரம் வெயிலில் கிடக்கட்டும். கரையான், வேர்க்கட்டை எல்லாம் அடங்கும். அப்புறம் மேல் மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்பி, முதல் நல்ல மழை குடித்ததும் நடலாம். புரட்டாசி கடைசியில் நட்டால் வடகிழக்கு மழை முழுவதும் கிடைக்கும்.

ஒட்டு தரைக்கு மேல் நாலு விரற்கடையாவது நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் தாய்த்தண்டு அழுகும். ஒட்டைச் சுற்றிய பாலித்தீன் நாடா இன்னும் இருந்தால் பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள். விட்டால் தண்டு தடிக்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். முதல் வருஷம் தெரியாது, மூன்றாவது வருஷம் காற்றில் அந்த இடத்தில் முறியும். ஒரு குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். அடியில் காய்ந்த இலை, மணிலா ஓடு, வைக்கோல், எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் அடியில் சிறு ஓட்டை போட்டுத் திரி செருகிய மண்பானை ஒன்றைப் புதைத்து வாரம் ஒரு முறை நிரப்பினால் போதும். மூன்றாவது வருஷத்திலிருந்து மரம் தானே பார்த்துக்கொள்ளும். கிணறோ போரோ இருந்து, தை முதல் பங்குனி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை மரத்துக்கு 200 லிட்டர் கொடுக்க முடிந்தால் காய்ப்பு நன்றாகவே கூடும். முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம், இந்த மேட்டில் பெரும்பாலும் மழையை நம்பித்தான் காய்க்கிறது.

ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்ப்பதைப் பார்த்த உடனே கிள்ளி எறியுங்கள். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் கீழ்த்துளிர் தலையெடுத்து மேலே இருக்கிற ஒட்டு காய்ந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது போய், விதைக் கன்று மட்டும் மிஞ்சும். முதல் இரண்டு வருஷம் வருகிற பூங்கொத்தையும் ஒடித்துவிடுங்கள். மனசு வராது. ஒடியுங்கள்.

நடுப் பட்டையில் என்ன போடலாம்

மணிலாதான் முதல் தேர்வு. ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைக்கலாம். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டு மீதியில் போடுங்கள். மணிலாக் கொடி மாட்டுக்கு, உதிர்ந்த இலை மண்ணுக்கு, காய் வீட்டுக்கு. அடுத்த வருஷம் உளுந்து அல்லது காராமணி, அதற்கடுத்து வரகு அல்லது கம்பு என்று மாற்றிக்கொண்டு வந்தால் மண் ஏமாறாது. விருத்தாசலம் பக்கத்து வரகு இந்தச் செம்மண்ணில் எந்தக் கவனிப்பும் இல்லாமல் வரும்.

மரவள்ளி போடலாமா என்று கேட்டால் நான் வேண்டாம் என்பேன். பணம் வரும், உண்மை. ஆனால் கிழங்கு பிடுங்கும்போது மண் முழுக்கப் புரண்டு முந்திரியின் பக்க வேர் அறுந்துவிடும். மண்ணில் இருக்கிற சத்தையும் ஒட்ட உறிஞ்சிவிடும். கரும்பு கேட்கவே வேண்டாம்.

ஐந்தாவது வருஷத்துக்கு மேல் பட்டை குறுகும். அப்போது கொழிஞ்சி விதை தூவிவிடுங்கள். ஒரு தடவை வந்தால் வருஷா வருஷம் தானே முளைக்கும், ஆடு மாடு பெரிதாக மேயாது, மழைக்கு முன் மடக்கி உழுதால் தழை உரம். மரத்தடியில் விழுகிற இலையைக் கூட்டி எரிக்காதீர்கள். எங்கள் பக்கம் கொட்டை பொறுக்க வசதியாக இருக்கும் என்று பலர் எரிக்கிறார்கள். அந்தச் சருகுதான் அடுத்த வருஷத்து உரம். அதை வரிசையின் நடுவில் இழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியை மட்டும் சுத்தம் செய்தால் இரண்டு வேலையும் ஆகிறது. நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் அறுவடை முடிந்ததும் உள்ளே விடலாம்.

உரக் கணக்கு சுருக்கமாக. கிழக்குக் கடற்கரைப் பகுதியில் ஐந்து வயதான மரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 125 கிராம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 250 கிராம். தழைச்சத்து 1 கிலோ என்றால் யூரியா 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முதல் வருஷம் இதில் ஐந்தில் ஒரு பங்கு, வருஷம் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு போகவும். வளர்ந்த மரத்துக்குத் தண்டை ஒட்டிக் கொட்டாமல் ஒன்றரை மீட்டர் தள்ளி வட்டமாகச் சிறு பள்ளம் எடுத்துப் போட்டு மூடவும். கிளைரிசிடியாத் தழையும் ஆட்டுப் புழுக்கையும் கிடைக்கிறவர்கள் யூரியாவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். மரம் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டு எதிரிகள்

தேயிலைக் கொசு என்பது பெயர்தான், அது கொசு இல்லை, சாறு உறிஞ்சும் பூச்சி. மழை முடிந்து புதுத் துளிர் வரும்போது வந்து சேரும். துளிரிலும் பூங்காம்பிலும் கருப்பு கருப்பாகப் புள்ளி விழுந்து, கொத்து முழுவதும் தீயில் வாட்டியது மாதிரி கருகும். துளிர் வரும்போதே வாரம் ஒரு முறை காலையில் கொல்லையைச் சுற்றி வாருங்கள். ஆரம்பத்திலேயே பார்த்தால் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு கலந்து தெளித்து அடக்கலாம். பூ விரிந்த பிறகு காலை நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள். தேனீயும் ஈயும் வரவில்லை என்றால் கொட்டை இல்லை. தேனீப் பெட்டி இரண்டு வைக்க முடிந்தால் வையுங்கள்.

முசுறு எறும்பு, இலையை மடித்துக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பு, இந்தப் பூச்சிக்கு நல்ல காவல். முசுறு ஏறிய மரத்தில் தேயிலைக் கொசுச் சேதம் குறைவாக இருக்கும். மாமரத்திலோ பலாவிலோ கூடு இருந்தால் அந்தி நேரத்தில் கிளையோடு வெட்டிக் கொண்டுவந்து கட்டலாம். ராணி உள்ள கூடு கிடைத்தால்தான் நிலைக்கும், அதனால் ஒரே மரத்துக் கூடுகளை முடிந்தவரை எல்லாவற்றையும் எடுங்கள். மரத்துக்கு மரம் கயிறு கட்டிவிட்டால் தானாகவே பரவும். கடிக்கும், வலிக்கும். முந்திரியில் மரமேறிப் பறிக்கிற வேலை இல்லை, உதிர்ந்ததைத்தான் பொறுக்குகிறோம் என்பதால் பெரிய தொந்தரவு இருக்காது.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் இந்தத் தேயிலைக் கொசுவுக்காகத்தான் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகள் பட்டது நாடு முழுக்கத் தெரியும். 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நான் முந்திரிக் கன்று விற்கிறவள். கன்றோடு சேர்த்து இதையும் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை. ஒரு பூச்சிக்காக ஊரின் காற்றையும் கிணற்றையும் கெடுக்கத் தேவையே இல்லாத அளவில்தான் நம் கொல்லை இருக்கிறது. எண்பது மரத்தையும் நாமே கண்ணால் பார்த்துவிட முடியும்.

இரண்டாவது எதிரி தண்டு துளைப்பான். இது மரத்தையே கொல்லும். வண்டு அடிமரத்துப் பட்டை வெடிப்பில், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் முட்டை வைக்கும். புழு பட்டைக்கு உள்ளே குடைந்துகொண்டு வேர் வரை போகும். அடிமரத்தில் சிறு ஓட்டை, அதிலிருந்து பிசினும் மரத்தூளும் கலந்து வழிவதைப் பார்த்தால் அன்றைக்கே உளியை எடுங்கள். பட்டையைச் சீவி, புழு போன வழியைப் பின்தொடர்ந்து அதை எடுத்துக் கொன்று, காயத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தடவுங்கள். மேலே இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்துவிட்டால், சுற்றுப் பட்டையில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தால், அந்த மரம் பிழைக்காது. வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். பட்டுப்போன மரத்தை விறகுக்கு ஆகும் என்று கொல்லையிலேயே சாய்த்து வைப்பது அடுத்த பத்து மரத்துக்குப் புழு வளர்க்கிற வேலை. வெளியே தெரிகிற வேரை மண் அணைத்து மூடுங்கள். மாட்டை முந்திரி மரத்தில் கட்டாதீர்கள். கயிறு உரசிய காயத்தில்தான் முதலில் வரும்.

கவாத்து வருஷம் ஒரு முறை, அறுவடை முடிந்து ஆடி ஆவணிக்குள். முதல் மூன்று வருஷம் இடுப்பளவு வரை பக்கக் கிளை எதுவும் விடாமல் ஒரே தண்டாகக் கொண்டுபோய், அதற்கு மேல் நாலு பக்கமும் பரவ விடுங்கள். இப்படித் தலை தாழ்ந்து, உள்ளே காற்று புகுந்து போகிற மாதிரி வளர்த்த மரம், ஓங்கிப் படர்ந்த மரத்தைவிடக் காற்றுக்குத் தாங்கும். பெரிய வெட்டுக்காயத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) பூசுங்கள்.

கொட்டை

மாசிக் கடைசியில் ஆரம்பித்து வைகாசி வரை விழும். பச்சையாக இருக்கும்போது பறித்தால் பருப்பு சூம்பிப்போகும். பழம் தானாக உதிர்ந்த பிறகு பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்து, அன்றாடம் களத்தில் காய வையுங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. உப்புப் போட்டுச் சாப்பிடலாம், மீதி மாட்டுக்கோ எருக்குழிக்கோ போகட்டும்.

விளைச்சல் கணக்கில் ஆசைப்படாதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட வி.ஆர்.ஐ. 3 வளர்ந்த பிறகு மரத்துக்கு 10 கிலோ வரை கொடுக்கும். மானாவாரிக்கு 5 கிலோ என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன். 80 மரத்துக்கு 400 கிலோ. 80 கிலோ மூட்டையாக ஐந்து மூட்டை. எட்டாவது வருஷத்துக் கணக்கு இது. மூன்றாவது வருஷம் மரத்துக்கு ஒரு கிலோ வந்தாலே நல்லது. அதுவரை குடும்பத்தைத் தாங்குவது மணிலாவும் உளுந்தும் சவுக்கும்தான்.

வீட்டிலேயே உடைத்துப் பருப்பாக விற்கலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலை அரிக்கும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்த வேலையைக் குழந்தைகள் பக்கம் விடவே கூடாது. சுடும்போது வருகிற புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது, திறந்த வெளியில், புகை போகிற பக்கம் நிற்காமல் காற்று வருகிற பக்கம் நின்று செய்ய வேண்டும். கையுறை போட்டு, கையில் எண்ணெய் தடவி, ஆவியில் வேகவைத்து ஆறிய கொட்டையைக் கை இயந்திரத்தில் உடைக்க வசதி இருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லாவிட்டால் கொட்டையாகவே விற்றுவிடுங்கள்.

விற்கும் முன் மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கலந்து ஒரு கிலோ எடுத்து எண்ணிப் பாருங்கள். வி.ஆர்.ஐ. 3 கொட்டை நன்றாக விளைந்திருந்தால் கிலோவுக்கு 140 பக்கம் வரும்; 200 வந்தால் சிறு கொட்டை. பருப்பைச் சந்தையில் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு என்று எண்ணித்தான் தரம் பிரிக்கிறார்கள். டபிள்யூ 320 என்றால் 320 வரை, டபிள்யூ 240 என்றால் 240 வரை. ஏழு கிராம் கொட்டையில் 2 கிராம் பருப்பு வந்தால் பவுண்டுக்கு 220 பக்கம் நிற்கும். அது 320-ஐவிட விலை கூடின தரம். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, கூடவே பத்துக் கொட்டையை வெட்டிக் காட்டி, அப்புறம் வியாபாரியிடம் விலை பேசுங்கள்.